மயிலுக்கு ரெண்டு ஃபைல்

"மிஷின்ல கோளாறுன்னா சொல்லும்வே. கோளாறு இல்லன்னா, இன்னையோட இவ வீட்டுக்குப் போவட்டும்."

சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி கை காட்டிய இடத்தில் மஞ்சு நின்றிருந்தாள். ஏழு மாத வயிறு. முன்னால் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மிஷின்.

தென்காசியிலிருந்து வந்த மெக்கானிக் கோமதிசங்கர் பையைத் திறந்தான்.

"என்ன செய்யுது அண்ணாச்சி?"

"நல்லாத்தான் ஓடும். இருபது நிமிஷத்துக்கு ஒருக்க 'டொக்'குனு நிக்கும். சாயந்திரம் தேவா வந்து இதே மயில் டிசைனத்தான் ஓட்டுதான். ஒரு தடவ நிக்குமா? இவ ஓட்டுனா மட்டும் நிக்கி!"

"நான் எதையும் தொடல அண்ணாச்சி" என்றாள் மஞ்சு. "பிரசவம் வரைக்கும், இந்த ரெண்டு மாசம் மட்டும் வேல பாத்துக்கிடுதேன்."

"ஓடுத மிஷின் முன்னால நின்னுதான் பாக்கணும். அதான் இங்கன சட்டம். உக்காரணும்னா வீட்ல போயி உக்காரு."

மஞ்சு மிஷினை ஓட விட்டாள்.

டகடகடகடக... டொக்.

"பாத்தீரா? சரியா இருபது நிமிஷம்!"

உள்ளேயிருந்து அண்ணாச்சியின் மனைவி நாச்சியார் வந்தாள். அவள் வாய்க்குப் பயந்து இலஞ்சியில் பாதிப் பேர் அந்தத் தெருப் பக்கமே வருவதில்லை.

"ஏட்டி! நிறுத்திட்டியா? மிஷின் பக்கத்துல நிக்காத! அந்த ஸ்டூல்ல போயி இரி. நான் சொல்லாம எந்திரிச்சே, பாத்துக்கோ!"

கோமதிசங்கர் ஊசியை மாற்றினான். நூல் இறுக்கத்தைச் சரி பார்த்தான். பாபினைக் கழற்றி மாட்டினான். சென்சாரில் தூசி ஊதினான்.

டகடகடகடக... டொக்.

"ஏட்டி, ஸ்டூலு!"

"நூலும் அறல, கரண்ட்டும் போவல" என்றான் கோமதிசங்கர். "இதக் கண்டுபிடிக்காம நான் எந்திரிக்க மாட்டேன். அண்ணாச்சி, இதுல டிசைன் ஏத்துதது யாரு?"

"வீட்டுக்காரிதான். பாஸ்வேர்டும் அவகிட்டதான். எனக்கே சொல்ல மாட்டாவே!"

நாச்சியார் வந்து, கையால் மறைத்தபடி நாலு நம்பரைத் தட்டினாள். தட்டிவிட்டு அங்கேயே நின்றாள்.

திரையில் ஒரே மயில். ஆனால் ரெண்டு ஃபைல். ஒன்றின் பேர் 'தேவா'. இன்னொன்றின் பேர் 'மஞ்சு'.

'தேவா' கடைசி வரைக்கும் ஒரே ஓட்டம். 'மஞ்சு'வில், இருபது நிமிஷத்துக்கு ஒரு இடத்தில் 'ஸ்டாப்' சேர்த்திருந்தது.

கோமதிசங்கர் நிமிர்ந்து பார்த்தான். நாச்சியார் முறைத்தாள். ஸ்டூலில் மஞ்சு காலை நீட்டி, கண்ணை மூடியிருந்தாள்.

அவன் திரையை அணைத்தான்.

"கண்டுபிடிச்சிட்டேன் அண்ணாச்சி. மிஷின் கோளாறுதான். பகல்ல சூடாவுது. அப்பப்ப நின்னு ஆறிக்கிடுது."

"வெளிய குத்தாலச் சாரல் அடிக்கி. உள்ள சூடாவே?"

"மெக்கானிக் சொல்லுதாருல்லா?" நாச்சியார் சீறினாள். "நீங்க என்னத்தக் கண்டீய?"

அண்ணாச்சி குரல் இறங்கியது. "சரி, எப்பம் சரியாவும்?"

கோமதிசங்கர் பையைத் தோளில் மாட்டினான்.

"நீங்க கை வைக்காதீய அண்ணாச்சி. ரெண்டு மாசத்துல தானா சரியாயிரும்."