ஜப்பான் தகடு

"அடுத்த வாரம் வாம்மா" என்று ரேடியோக் கடை பிலிப்ராஜ் சொல்வது இது நாலாவது தடவை.

கன்னியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜவ்வாது மலையிலிருந்து செங்கத்துக்கு இறங்கி வரவே பாதி நாள் ஆகிறது. திரும்பிப் போக இருப்பதோ மூணு மணி பஸ் ஒன்றுதான்.

ஊரிலேயே முதல் டிரான்சிஸ்டர், அதுவும் ஜப்பான் சரக்கு என்று இவள் பீற்றிக்கொண்டு இதே கடையில் வாங்கியது. பத்து நாள் பாடிவிட்டு வாயை மூடிக்கொண்டது; ரிப்பேருக்கென்று இவனிடமே கொடுத்துவிட்டு அலைகிறாள். இப்போது இவள் தலை தெரிந்தாலே, "ஜப்பான்காரி வர்றா" என்கிறார்கள். இன்றைக்கும் வெறுங்கையோடு ஏறினால் அந்தப் பேரே நிலைத்துவிடும்.

விற்கக் கொண்டுவந்த தேன் பாட்டில் கூடையைக் கடை வாசலில் இறக்கினாள்.

"நான் போறதா இல்லண்ணா. என் கண்ணெதிர்லயே தொறந்து பாரு."

வேறு வழியில்லாமல் பிலிப்ராஜ் திருப்புளியை எடுத்தான். மூடியை நெம்பியதில் முன்பக்கத்து ஜப்பான் தகடு கழன்று விழுந்தது. அதன் அடியில் வேறு ஒரு பேர். கன்னியம்மாளின் மூணாங்கிளாஸ் படிப்பு அதற்குப் போதும். 'மதராஸ்' என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள்.

"இன்னாண்ணா இது?"

மதராஸ் சரக்கு என்றால் யாரும் சீந்துவதில்லை, அதனால் தகடு மட்டும் மாற்றுகிறோம் என்று அவன் முனகினான்.

"உள்ள ஒண்ணு, மேல ஒண்ணா? நம்பி வாங்கறவங்க கண்ணுல மண்ணத் தூவிட்டு, உனுக்கு சோறு எறங்குதா?"

தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பிலிப்ராஜ் கூனிப்போனான். கருகிப்போன சாமானைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதுசு வைத்து ஈயப்பற்று வைத்தான். ரேடியோ பாடியது. கூலி வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டான்.

பஸ் ஹாரன் அடித்தது. அவள் கூடையைத் தூக்கும்போது அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். மூணு வயசு மகளுக்கு விடாத இருமலாம். மருந்துப் பொடியைச் சுத்தமான மலைத்தேனில் குழைத்துக் கொடுக்கச் சொன்னாராம் வைத்தியர்.

"கடைத்தேன நம்ப முடியலம்மா. நீ நாயம் பேசறவ. உன் தேன்னா கண்ண மூடிக்கினு குடுப்பேன்."

பாட்டிலை எடுத்த கன்னியம்மாளின் கை பாதியில் நின்றது. முந்தாநாள் வெல்லப்பாகு காய்ச்சிய சட்டி, அவள் வீட்டு அடுப்படியில் இன்னும் கழுவாமல் கிடந்தது.

பாட்டிலை மறுபடி கூடைக்குள் வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அடுத்த வாரம் தர்றேண்ணா."