படுத்துக் கிடக்கும் ஒலிக்கோடு

வெளியே நல்ல வெயில். எடிட்டிங் அறையில் மட்டும் திரைச்சீலை இழுத்துவிட்ட இருட்டு. எடிட்டர் பெண்ணின் முகத்தில் திரையின் நீலம் ஆடுகிறது. திரையில், டிவி போட்டியாளர்கள் அடைந்து கிடக்கும் வீட்டின் சமையலறை. காது கேளாத தையல்காரி பாத்திரம் துலக்குகிறாள். பக்கத்தில், எப்போதும் வாய் ஓயாத நடிகர், இப்போது வாயை மூடிக்கொண்டு. நுரை படிந்த விரல்களால் அவள் காற்றில் ஊசிக்கு நூல் கோத்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறாள். சைகையில் அதுதான் அவள் பெயர். அவரும் கோக்கப் பார்த்து, கண்ணைக் குத்திக்கொள்கிறார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரிக்கிறாள். பதினொரு நிமிடம். இரண்டு மாதத்தில் அந்த வீட்டில் அவளோடு ஒருவர் பேசியது இது ஒன்றுதான். இது ஒளிபரப்பாகாவிட்டால் இந்த வாரம் அவளுக்கு ஓட்டு விழாது. வெளியே போக வேண்டியதுதான். சண்டைக்கெல்லாம் மலை மலையாக எழும்பும் ஒலிக்கோடு, திரையின் அடியில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது.

"சத்தமே இல்லையேம்மா. டிவி ரிப்பேர்னு ஜனங்க தட்டிப் பார்ப்பாங்க," என்கிறார் பின்னால் நிற்கும் தயாரிப்பாளர்.

"கீழ எழுத்துப் போட்டுடலாம் சார். ரெண்டு நிமிஷமாவது வைக்கலாமே."

"அவ அழுதது இருக்குல்ல? அதுக்கு மியூசிக் போடு, போதும்."

அவருடைய போன் அடிக்கிறது. வெளியே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார். எடிட்டர் பெண்ணின் விரல் பொத்தான்மேல் காத்திருக்கிறது. பேச்சை நிறுத்தாமலே அவர் திரும்பி, இரண்டு விரல்களைக் கத்தரிபோல் வெட்டிக் காட்டுகிறார். கண்ணாடிக்கு இப்பால் ஒரு சத்தமும் இல்லை. அவளுக்கு நன்றாகப் புரிகிறது.