கழற்றி வைத்த கம்பி

உடைத்து உருக்குவதற்காகக் காயலான் கடையில் போட்டிருந்த பழைய சைடு டிரம்மைச் சேவியர் எடைக்கு வாங்கி வந்தார். பித்தளை உடலைப் புளி போட்டுத் தேய்த்தார். இல்லாத திருகாணிகளை லேத்துப் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கினார். புதுத் தோலும் போட்டாயிற்று. அடித்தோலை ஒட்டி இழுத்துக் கட்டும் கம்பிச்சரம் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. அது இல்லாவிட்டால் டிரம் சடசடக்காது. மரப் பெட்டியைத் தட்டியது போலத் தொம்மென்று கேட்கும். அரைகுறையாய் விட அவருக்கு மனம் வராது. டிரம்முக்குள் கீறியிருந்த பெயரை விசாரித்துக்கொண்டு, பேண்டு செட்டில் வாசிக்கும் தவசீலனின் வீட்டுக்கே அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தவசீலனின் மனைவி மட்டும் இருந்தாள்.

"கம்பி தொலைஞ்சு போகல அண்ணாச்சி. உள்ளறையில தூங்குற பிள்ளை முழிச்சிரக் கூடாதுன்னு, வீட்டுல அடிச்சுப் பழகுறப்போ அவுக கழட்டி வச்சிருவாக. அவன அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கே டிரம்மத் தூக்கிக் கடையில போட்டுட்டாக. இது இங்கயே கெடந்துட்டு."

உள்ளறைக் கதவோரம் ஆணியில் தொங்கிய கம்பிச்சரத்தை எடுத்து, முந்தானையால் தூசி துடைத்துக் கொடுத்தாள்.

"மாட்டிக்கோங்க. இனிமே சத்தம் வந்தா என்ன."

சேவியர் அங்கேயே உட்கார்ந்து மாட்டினார். குச்சியை எடுத்து ஒரு தட்டு தட்டினார். வீடெங்கும் சடசடவென்று சத்தம் ஓடியது. அடுத்த அடி விழுவதற்குள் அவள் பாய்ந்து வந்து இரண்டு உள்ளங்கைகளாலும் தோலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளறைக் கதவைப் பார்த்தாள்.

தூக்கிய குச்சியோடு அவரும் அசையாமல் இருந்தார்.