முறிந்த சிவப்புக் கோடு

எஞ்சின் ஓடி அடங்கியதும் கடைசியாக ஒரு சுற்றுப் பார்க்க வந்த பள்ளிப் பெண், சிறகின் அடியில் நின்றவாக்கில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கிவிட்டாள்.

அந்த விமானக் கொட்டகையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நிறுத்து.

போச்சுடா என்று முனகினார் பயிற்சியாளர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே பூட்டிய விமானம், இரண்டு பேர் உட்காரலாம். இன்றுதான் முதன்முதலாகப் பறக்கப்போகிறது. வேலிக்கு வெளியே, அழைப்பின் பேரில் வந்த கூட்டமெல்லாம் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

பெல்ட்டைப் போட்டு உள்ளே உட்கார்ந்திருந்த பைலட் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள்.

இங்கே ஒவ்வொரு நட்டையும் இறுக்கிய பிறகு, நட்டின் மேலும் அதன் அடித்தகட்டின் மேலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுப்பார்கள். நட்டு துளி நகர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். சிறகைத் தாங்கும் கம்பியின் அடியில், கதவை ஒட்டிய நட்டில், கோடு முறிந்திருந்தது.

மயிரிழை முறிவுதான். வாயை மூடிக்கொண்டு நகர்ந்திருந்தால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரிந்திருக்காது.

“இதை முறுக்குனது நான்தான் சார். சரியா முறுக்கல.”

அவளுக்கு ஸ்பேனர் என்று பட்டப்பெயர் வைத்த கூட்டாளிகளே இப்போது அவளைக் கடித்துத் தின்பதுபோல் பார்த்தார்கள். அவள் அசரவில்லை. பழைய நட்டைக் கழற்றி எறிந்தாள். புதியதைப் போட்டு, அளவு வந்ததும் ‘டக்’கென்று சொல்லும் ஸ்பேனரால் முறுக்கினாள்.

பயிற்சியாளர் குனிந்து சோதித்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. பைலட்டிடம் வந்து, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா, உங்கள் இஷ்டம் என்றார்.

பைலட் லேசுப்பட்டவள் அல்ல. தலை நரைத்த மெக்கானிக்குகள் சத்தியம் செய்த விமானங்களிலிருந்தே, எனக்குத் திருப்தியில்லை என்று இறங்கிப் போனவள். இன்றும் இறங்கிவிட்டால் பிள்ளைகள் பட்ட பாடெல்லாம் அம்போதான்.

“தன் தப்பைத் தானே காட்டிக்கொடுத்தவ முறுக்கியிருக்கா. நான் போறேன்.”

கீழே நின்ற பெண் அழுகையை விழுங்கிக்கொண்டு பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தாள். புதுக் கோடு இழுக்க வேண்டுமே.

நகப்பூச்சுப் பாட்டில். மாதுளம்பழச் சிவப்பு. மூடியின் ஓரத்தில் பல்தடம்.

மூடி திறக்க வராவிட்டால் பல்லால் கடிப்பது பைலட்டின் கெட்ட பழக்கம். போன வாரம் இந்தப் பாட்டிலைக் காணோம் என்றுதான் வீட்டையே இரண்டாக்கியிருந்தாள். எனக்குத் தெரியவே தெரியாதும்மா என்று சாதித்த மகள் இதோ, நாக்கைத் துருத்திக்கொண்டு கோடு இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

அடி கள்ளி! வீட்டில் வாய் கூசாமல் பொய் சொல்கிறவளுக்கு, விமானத்திடம் ஒரு பொய் சொல்ல வரவில்லை.

பைலட்டுக்குப் பெருமை பிடிபடவில்லை. கண்ணாடிக்கு வெளியே தெரியும்படி விரலை ஆட்டினாள், இறங்கி வந்து வைத்துக்கொள்கிறேன் உன்னை என்று.

பிறகு எஞ்சினைக் கிளப்பினாள்.