முதலில் கறுக்கும் பளிங்கு

ஒரு கருவியின் வரப்போகும் பத்து ஆண்டுகளைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் பூங்கோதையின் வேலை. துகள் மோதல்களைப் பதிவுசெய்ய இனிமேல்தான் கட்டப்போகும் கருவி அது. அதன் கண்ணாடி போன்ற பளிங்குக் கட்டைகள் கதிர்வீச்சு பட்டுப் பட்டுத் திரையில் ஒவ்வொன்றாகக் கறுத்துப்போகும். உள்வளையத்தின் மூலைக்கட்டைதான் எப்போதும் முதலில் கறுத்தது. வளையத்தை அகட்டிப் பார்த்தாள், ஈயத்தகடு வைத்து மறைத்துப் பார்த்தாள். கறுப்பு பக்கத்துக் கட்டைக்கு நகர்ந்ததே தவிர ஒழியவில்லை.

"ஏதாவது ஒண்ணு முதல்ல போய்த்தானே ஆகணும்? விடும்மா" என்றார் குழுத்தலைவர். பழைய வடிவமே முடிவானது.

கட்டுமானம் தொடங்கியபின் ஒருநாள், கட்டைகளைப் பொருத்தும் கூடத்தில் தொழில்நுட்பர் இருதயராஜ் வெள்ளைக் கையுறையோடு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது எந்த இடத்துக்குண்ணே?"

"உள்வளைய மூலைக்கு மேடம். நீங்க அந்த இடத்தையே மாத்தி மாத்திப் பாத்தீங்களாமே. அவ்வளவு முக்கியமான இடமாச்சேன்னு, இருக்கறதுலயே தெளிவானதா எடுத்து வச்சேன்."

வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அதன் வழியே தெரிந்த அவருடைய சிரிப்பில் ஒரு நிழல்கூட விழவில்லை. பூங்கோதையின் கை தன்னையறியாமல் நீண்டது.

"ஐயோ, தொட்டுறாதீங்க மேடம்" என்று பதறிப் பின்வாங்கினார் அவர். "கறை பட்டுரும்."