அண்ணையின் வயது

லண்டனில், தோர்ண்டன் ஹீத் வீட்டுக் குசினி மேசையில் கைபேசி ஸ்பீக்கரில் கிடக்கிறது. யன்னல் வெயில் அதன் கண்ணாடியில் பட்டுக் கூரையில் சிறு வெளிச்சமாக ஆடுகிறது. ஈமச்செலவுக் காப்புறுதி விற்கும் பெண் ஆங்கிலத்தில் பிறந்த திகதியைக் கேட்கிறாள். புவனேந்திரன் பாஸ்போர்ட்டில் உள்ளதைச் சொல்கிறார். அது அவருடைய அண்ணனின் திகதி. அகதியாக வந்தபோது அண்ணனின் பத்திரங்கள்தான் கைக்குக் கிடைத்தன. அந்தப் பெயரிலேயே இங்கே தங்கிவிட்டார். அந்த வயதுக்கு மாதத் தவணை கூடுதலாம். அதே மேசையில் முருங்கையிலை உருவிக்கொண்டிருக்கும் மனைவி சந்திரவதனா குரலைத் தாழ்த்துகிறாள். "உங்கட சொந்த வயசெண்டால் காசு எவ்வளவு குறையும்!" "இனி அதைச் சொல்ல ஏலுமே?" என்கிறார் அவர். இலங்கையில், ஊரிலேயே நின்ற அண்ணன் போரின் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன், உடல் கிடைக்கவில்லை. சிதறிக் கிடக்கும் இலைகளைப் புவனேந்திரன் விரலால் ஒருபக்கமாக ஒதுக்குகிறார். "மிஸ்டர் குலவீரசிங்கம்," என்று கைபேசி அண்ணனின் பெயரைச் சொல்லி அழைக்கிறது, "உங்களைப் புதைப்பதா, எரிப்பதா?" சந்திரவதனா இலை உருவுவதை நிறுத்த, வெளிச்சம் கூரையில் ஆடாமல் நிற்கிறது. அவளுக்குத் தமிழ் தெரியாது என்பதை மறந்து அவர் சொல்கிறார்: "அண்ணையை எரிக்கவேணும், பிள்ளை."