தொப்பி கழற்றியவர்கள்

முதலில் தொப்பியைக் கழற்றியவன் மீன் விற்கிற ஆல்ஃபோன்சஸ்.

கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்தி, மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாலையோரம் வரிசையாக வந்து நின்றார்கள்.

எங்கள் தீவில் ஆம்புலன்ஸ் ஊளையிட்டுக்கொண்டு போனால் உள்ளே இருப்பவருக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். சத்தமில்லாமல் போனால் போய்ச் சேர்ந்துவிட்டார். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் பத்தொன்பது வருஷமாக இதுதான் சட்டம்.

நான் வண்டியை மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் யூட்ரிஸ் அக்கா, ரொட்டி சுட்டு விற்பவள், ரத்தமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வயிற்றுப் புண் வெடித்திருக்கிறது. இரண்டு மணிப் படகைப் பிடித்துப் பெரிய தீவுக்குப் போய்விட்டால் பிழைத்துக்கொள்வாள் என்றாள் நர்ஸ் வெர்லின்.

மணி ஒன்று நாற்பது. சைரன் அடிக்கவில்லை.

"உப்புக்காத்து தின்னுருச்சு," என்றேன். இங்கே உப்புக்காற்று தின்னாத இரும்பு இல்லை. வெர்லின் மேற்கொண்டு கேட்கவில்லை.

வண்டிக்குள் ரத்த வாடை. அதற்கு மேல் மீன் கவுச்சி. போன வாரம் ஊர்க் கமிட்டிக்காரர் ஒருவர் தன் மீன் பெட்டிகளை இதில்தான் ஏற்றிக்கொண்டு போனார். பொதுச் சொத்து என்றால் இந்த ஊரில் எல்லோருக்கும் கை நீளம்.

முன்னால் போன தண்ணீர் லாரிக்காரன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். உடனே நடை வேகத்துக்கு வந்துவிட்டான். பிணத்துக்கு முன்னால் யாரும் விரைந்து போகக் கூடாது, அது மரியாதை.

ஹாரனை அழுத்தினேன். அவனும் நீளமாக அழுத்தினான். வழியனுப்புகிறானாம்.

அதற்குள் கோயில் பெண்கள் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு கையை வண்டியின் மேல் வைத்துக்கொண்டு, பாடியபடி கூடவே நடந்தார்கள். அக்கா உள்ளேயிருந்து, ஆள் தெரியாத பால் கண்ணாடியில் ஓங்கித் தட்டினாள். வெளியே ஒருத்தி கையை வெடுக்கென்று எடுத்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள், முன்னைவிடச் சத்தமாகப் பாடினாள்.

ஆல்ஃபோன்சஸ் விக்கி விக்கி அழுதுகொண்டு வந்தான். குரலை வைத்தே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"இவன் எதுக்கு அழுவுறான்? என் ரொட்டில புழு இருக்குன்னு ஊர் பூரா சொன்னவந்தானே," என்றாள். பிறகு மறுபடியும் வாந்தி.

மூன்று மாதமாக இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் சுருண்டு கிடந்தாள். ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை. குடித்துக் கெட்டாள் என்று பேசினார்கள். இப்போது பார், பாட்டென்ன, கண்ணீரென்ன. சீ, என்ன ஜனம் இது என்று இருந்தது. கதவைத் திறந்து அவர்கள் மேல் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

தலையை வெளியே நீட்டிக் கத்தினேன். "உயிரோட இருக்காங்கய்யா, வழிய விடுங்க."

உபதேசியார் என் தோளில் தட்டிக்கொடுத்தார். வாயில் ரம் வாடை. "கர்த்தர்கிட்ட எல்லாரும் உயிரோடதான் இருக்காங்க தம்பி. சனிக்கிழமை உன் தங்கச்சி கல்யாணத்துல யூட்ரிஸ் வயித்தப் பிடிச்சுக்கிட்டே என்னா ஆட்டம் ஆடுனா பாவம். அந்தப் பாட்டு எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு."

நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

துறைமுகத்துக்கு வந்தபோது இரண்டு அடித்து நாலு நிமிஷம். படகு கரையை விட்டு விலகத் தொடங்கியிருந்தது.

அந்தப் படகின் கேப்டன் நல்லவர். மலையில் சைரன் கேட்டால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருப்பார். போனில் பிடிக்க முடியாது, என்ஜின் இரைச்சலில் அவர் என்றைக்கு எடுத்திருக்கிறார்? வெர்லின் வழியெல்லாம் அடித்துப் பார்த்துவிட்டாள். இப்போது கீழே குதித்து இரண்டு கையையும் வீசிக் கத்தினாள்.

கேப்டன் பார்த்தார். சத்தமில்லாத வண்டி, சுற்றிலும் வெறுந்தலைகள். அந்தப் படகில் பிணம் ஏற்ற மாட்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் சுக்கானைத் திருப்பினார்.

வெர்லின் பின்கதவைத் திறந்து போட்டபோதுதான் ஜனம் அக்காவைப் பார்த்தது. பாட்டு நின்றது. முதலில் ஓடியவன் ஆல்ஃபோன்சஸ்தான். தன் படகை அவிழ்த்து, பெட்ரோல் ஊற்றி, என்ஜினை இழுத்து இழுத்துப் பார்த்தான். அது கிளம்பியபோது மணி மூன்று.

அக்கா அதற்குக் காத்திருக்கவில்லை.

கழற்றுவதற்கு அங்கே ஒருவர் தலையிலும் தொப்பி மிச்சமில்லை. என் தலையில் மட்டும் இருந்தது. கழற்றிவிட்டு, அவள் கண்ணை மூடக் குனிந்தேன்.

சட்டைப் பையிலிருந்து நாலு ஸ்க்ரூ விழுந்து வண்டிக்குள் உருண்டன.

கல்யாணத்துக்குப் பாட்டுச் சத்தம் பத்தவில்லை என்று தங்கை முகம் சுளித்தாள். பானெட்டுக்குள் இருந்த சைரனின் குழாய் ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு போனேன். திங்கட்கிழமை மாட்டிவிடலாம் என்றிருந்தேன். இன்று செவ்வாய்.

வெர்லின் ஒரு ஸ்க்ரூவைப் பொறுக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

அதில் பொட்டுத் துரு இல்லை.